சேணத்துக்கு அடியில் ஒரு விரல் கனம்

சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் என் குதிரை செவலையின் முதுகைத் தடவிப் பார்ப்பேன். அன்று குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் என்னை முந்திக்கொண்டார். "மேடம், இங்க வந்து பாருங்க. முதுகு பூரா நனைஞ்சிருக்கு. தோளுக்குப் பின்னாடி இந்த ரெண்டு இடம் மட்டும் காஞ்சு கெடக்கு." இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வறண்ட திட்டு. சென்னையின் புரட்டாசி வெயிலில் 40 நிமிடம் ஓடிய குதிரைக்கு அங்கே மட்டும் வியர்க்கவில்லை. சேணம் அந்த அளவுக்குத் தோலை நெரித்திருக்கிறது. இந்த அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் முடியின் வேர் கெட்டு, அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும். பிறகு அது நிறம் மாறுவதில்லை.

செவலை பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் பெண்குதிரை. அந்த இனத்துக்கே உரிய உயர்ந்த தோள்மேடு அவளுக்கு. கால் காயத்தால் நான்கு மாதம் நின்றதில் மேட்டின் இருபுறமும் தசை வற்றிக் குழிந்துவிட்டது. முன்பு அளவாக இருந்த கான்பூர் சேணம் இப்போது அகலமாகி, முன்பக்கம் தாழ்ந்து, என் எடையையெல்லாம் தோளுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருந்தது. தசை திரும்பும்வரை இடைவெளியை நிரப்ப ஒரு பேட் வேண்டும். அப்படித்தான் பத்து வாரத்தில் நான்கு வகைப் பேட்களைப் போட்டுப் பார்த்தேன்.

பேட் வாங்குமுன் ஒன்றைத் தீர்மானித்தே ஆகவேண்டும்: சேணம் அகலமா, குறுகலா? பேட் எதுவானாலும் அது இடத்தை அடைக்கும். குறுகலான சேணத்துக்கு அடியில் அதைத் திணித்தால் பிடி இன்னும் இறுகும். என் முதல் குதிரைக்கு இந்தத் தவறைத்தான் செய்தேன். அவன் சேணத்தைக் கண்டாலே காதை மடக்கினான். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்து இன்னும் தடிமனான பேட் போட்டேன். அவன் முதுகில் வந்த வெள்ளை முடி இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. பேட் எதுவும் இல்லாமல் சேணத்தை மட்டும் வைத்துப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்பக்கம் தூக்கிக்கொண்டு இருக்கையின் பள்ளம் பின்னால் சாய்ந்தால் பெரும்பாலும் குறுகல். முன்பக்கம் தாழ்ந்து தோள்மேட்டில் இடிக்கப் பார்த்தால் அகலம். முன்னும் பின்னும் படிந்து நடுவில் கை தாராளமாக நுழைந்தால் பாலம் போல நிற்கிறது என்று அர்த்தம். அப்போது நடுவில்தான் நிரப்ப வேண்டும். வறண்ட திட்டிலும் கவனம் தேவை. சேணம் தொடாத இடமும் வறண்டுதான் இருக்கும். முடி படிந்து நசுங்கியிருந்தால் அழுத்தம். கலையாமல் நின்றால் அங்கே தொடவே இல்லை.

முதலில் ஜெல். கையில் எடுத்தால் அழகாகக் குழையும். அந்தக் குழைவில்தான் மனம் ஏமாறுகிறது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். ஜெல் பக்கவாட்டில் ஒதுங்கி, மேல்விரலும் கீழ்விரலும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டன. 60 கிலோ ஆள் ஏறி உட்காரும்போது, அழுத்தம் அதிகமாக உள்ள இடத்திலேயே அது விலகிவிட்டால் என்ன பயன்? கனமும் அதிகம். இருபது நிமிடத்தில் அடிப்பக்கம் வெந்நீர்த் துணி போலச் சூடேறியது. வழுக்காமல் பிடிப்பது மட்டும் அதன் நல்ல குணம். நம் வெப்பத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

செம்மறித் தோல் பேட் வேறு ரகம். ரோமம் காற்றைப் பிடித்து வைக்கிறது, வியர்வையை உறிஞ்சுகிறது, உரசலைக் குறைக்கிறது. செவலை முதல் நாளே கழுத்தை நீட்டி நடந்தாள். ரோமத்தைப் பற்றிய ஒரு தகவல்: வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 குதிரைகளின் முதுகில் அழுத்த உணரிப் பாய் விரித்து ஜெல், தோல், ஃபோம், துருவக் கலைமானின் ரோமத்தோல் என்று நான்கு பேட்களை ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்டார்கள். சரியாகப் பொருந்தும் சேணத்துக்கு அடியில் மொத்த விசையைத் தெளிவாகக் குறைத்தது ரோமத்தோல்தான். ஆனால் ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் லாயத்தில் செம்மறித் தோல் இரண்டு நாளானாலும் காயவில்லை. வெயிலில் போட்டால் தோல் விறைக்கும். நிழலில் போட்டால் பூஞ்சை வாடை. ரோமமும் நாளாக நாளாக நசுங்கிப் படிகிறது, பிரஷ் போட்டு எழுப்ப வேண்டியிருக்கிறது. இரண்டு வைத்து மாற்றிமாற்றிப் போட முடிந்தவர்களுக்குச் சரி.

கம்பளி ஃபெல்ட்டை நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. வடநாட்டில் இதை நம்தா என்பார்கள். ராஜஸ்தானின் டோங்க் ஊர் அதற்குப் பேர்போனது. ஆங்கிலேயக் குதிரைக்காரர்கள் சேணத்துணிக்கு வைத்திருக்கும் நம்னா என்ற பெயரே இந்தச் சொல்லிலிருந்து போனதுதான். தட்டையாக, அடர்த்தியாக, விரலுக்கு இணங்காததுபோல் தோன்றும். ஆனால் சீராகத் தாங்குகிறது, மழைக்காலத்திலும் ஒரே இரவில் காய்ந்துவிடுகிறது. முதுகுத்தண்டுக்கு நேரே பிளவு விட்டுத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பொருந்தும் சேணத்துக்கு இது போதும். குழிவை நிரப்ப மட்டும் இதால் முடியாது.

குழிவை நிரப்பியது ஷிம் வைக்கும் பேட். இரு பக்கமும் முன், நடு, பின் என்று பைகள். ஒவ்வொன்றிலும் ஷிம் எனப்படும் மெல்லிய ஃபோம் துண்டுகளைச் செருகலாம், உருவலாம். மேட்டஸ், புரோலைட் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் இந்த வகையைச் செய்கின்றன. நான் முன்பைகளில் பக்கத்துக்கு இரண்டு துண்டு வைத்தேன். சேணத்தின் முன்பக்கம் எழுந்து இருக்கை மட்டமானது. செருகும் துண்டின் ஓரம் சரிவாகச் சீவியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வெட்டிய ஓரம் செங்குத்தாக இருந்தால் அந்த விளிம்பே புதிய அழுத்தக்கோடாகிவிடும். எங்களுக்கு வந்த முதல் தொகுப்பில் அப்படித்தான் இருந்தது, பிளேடால் சீவிச் சரிசெய்தோம். இன்னொன்று: எந்தப் பேட் ஆனாலும் வார் இறுக்குமுன் அதைச் சேணத்தின் நடுக்குழிக்குள் கூடாரம் போலத் தூக்கிவிடுங்கள். தோள்மேட்டின்மேல் இழுத்துக் கட்டிய துணியும் அழுத்தம்தான்.

தசை திரும்பத் திரும்பத் துண்டுகளை உருவ வேண்டும், அதனால் செருகியதை மறந்துவிடக்கூடாது. வரைபடக் கருவிகள் விற்கும் கடையில் கிடைக்கும் வளையும் அளவுகோலைத் தோள் எலும்புக்குப் பின்னால் வைத்து, முதுகின் வடிவத்துக்கு வளைத்து, சார்ட் அட்டையில் வரைந்து தேதி போட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு கோடு. முதல் கோடு தோள்மேட்டிலிருந்து சரேலென்று இறங்கி உள்ளே குழிகிறது. மூன்றாவதில் குழி ஆழம் குறைகிறது. கார்த்திகையில் வரைந்த ஐந்தாவது கோடு முதல் கோட்டைவிட இருபுறமும் கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம் வெளியே நிற்கிறது. வலப்பக்கம் இன்னும் சற்றுப் பின்தங்கியிருக்கிறது. அதனால் இடப்பக்கத்தில் இரண்டு துண்டையும் உருவிவிட்டேன். வலப்பக்கத்தில் ஒன்று இருக்கிறது. நேற்றுச் சேணத்தை இறக்கியபோது முதுகு முழுக்க ஒரே சீராக நனைந்திருந்தது. அண்ணன் தண்ணீர் ஊற்றுமுன் நானே போய் இருபுறமும் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.