கண்டி நகரில் மரணமும் விசுவாசமும்: யோசேவ் வாஸ் மரபு குறித்த ஒரு மறுநோக்கு

மரணம் எல்லா உயிர்க்கும் பொதுவானது. மரண அச்சமோ அவ்வாறு பொதுவானதன்று. யார், எதன்பொருட்டு, எவர் முன்னிலையில் அஞ்சினர் அல்லது அஞ்சாதிருந்தனர் என்பது அவ்வச் சமுதாய அமைப்போடு தொடர்புடைய வினாவாகும். புறநானூற்று மறவன் சாவுக்கு அஞ்சாதவன். ஆயின் அவ்வஞ்சாமை வேந்தனின் தேவைக்கு உரியதாக இருந்தது. பிற்காலத்தில் திருநாவுக்கரசர் நமனுக்கும் அஞ்சோம் என்று முழங்கியபோது, அதே மூச்சில் எவருக்கும் குடியல்லோம் என்பதையும் சேர்த்தே கூறினார். அரச ஆணைக்குப் பணிய மறுத்த ஒருவரின் குரல் அது. ஆகவே தமிழிலக்கிய மரபிலேயே சாவுக்கு அஞ்சாமை என்பது அதிகாரத்துக்குத் துணைபோவதாகவும் அதிகாரத்தை மறுப்பதாகவும் இருவேறு வடிவங்களிற் காணப்படுகின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, கிறிஸ்தவ விசுவாசத்தின் துணையோடு மரணத்தை எதிர்கொண்ட ஒரு மரபினைக் கண்டிப் பிரதேசத்தை நிலைக்களனாகக் கொண்டு இங்கு நோக்குவோம்.

இம்மரபின் மையத்தில் இருப்பவர் யோசேவ் வாஸ் அடிகள் (1651–1711). கோவாவிற் பிறந்த இவர் 1687இல் ஒரு கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தை 1658இற் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை என விதித்திருந்த காலம் அது. 1692இல் கண்டிக்குச் சென்ற அடிகள், போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தின்பேரிற் சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டி நகரைப் பெரியம்மை தாக்கியது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரை விட்டு நீங்கினான். நோயாளர் காட்டிற் கைவிடப்பட்டனர். வாஸ் அடிகளும் அவருடைய மருமகனான யோசேவ் கார்வால்யோ அடிகளும் அவர்களைத் தேடிச் சென்று உணவளித்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரைப் புதைத்தனர். அடிகளின் சபையினர் எழுதிய கடிதங்களும், செபஸ்தியாவோ தோ ரேகோ 1745இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறும் இச்செய்திகளுக்கு ஆதாரங்களாகும். அவை பக்திச் சார்புடையவை என்பது உண்மையே. எனினும் அவற்றிலுள்ள அற்புதக் கதைகளை நீக்கிய பின்னரும் மேற்கூறிய செயல்கள் எஞ்சி நிற்கின்றன.

இச்செயல்களை விளக்க முற்படுவோர் பொதுவாக இரு வழிகளுள் ஒன்றினைத் தெரிந்துகொள்கின்றனர். பக்தர்கள் அவற்றை இறையருளின் விளைவு எனக் கூறி அமைகின்றனர். முற்போக்காளர் சிலரோ சமயத்தை அபினோடு ஒப்பிட்ட மார்க்ஸின் கூற்றினைச் சுட்டி அவற்றைப் புறந்தள்ளுகின்றனர். 1844இல் வெளிவந்த அக்கட்டுரையில், அதே பந்தியிலேயே, சமயத்தை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகவும் துன்பத்துக்கு எதிரான முறையீடாகவும் மார்க்ஸ் கண்டார் என்பதனை இவர்கள் மறந்துவிடுகின்றனர். இவ்விரு சாராரும் சமூகத்தையும் வரலாற்றையும் நோக்காது விடுவதில் ஒன்றுபடுகின்றனர் எனலாம்.

1697இல் நிகழ்ந்ததன் சமூக உள்ளடக்கம் யாது? வாஸ் அடிகள் கொங்கணிப் பிராமண குடும்பத்தவர். அவர் சார்ந்த கோவா ஒரட்டோரியன் சபையும் பிராமணக் குருமாரைக் கொண்டதாகவே இருந்தது. சாதியாசாரம் பிணத்தையும் புண்ணையும் தீட்டின் உச்சமாகக் கருதியது. அவற்றைத் தொடும் பணியைத் தாழ்த்தப்பட்டோர் தலையில் ஏற்றியது. அப்பணியை அடிகள் தம் கையால் மேற்கொண்டபோது, அவர் கடந்தது நோயச்சத்தை மட்டுமன்று, தீட்டச்சத்தையுமாகும். கைவிடப்பட்டோர் எம்மதத்தவர் எனப் பாராது இப்பணி நடைபெற்றதெனவும் அறிகிறோம். சாவுக்கு அஞ்சாமை இங்குத் தனிமனித வீரமாக அமையாமல் பிறருடைய உடலைப் பேணும் உழைப்பாக வெளிப்படுகின்றது. மரணப் படுக்கையில், வாழ்நாளில் செய்யாது விட்டதை இறக்கும் வேளையில் எளிதிற் செய்துவிட இயலாது என்ற பொருள்பட அவர் கூறியதாக வரலாற்றாசிரியர் எழுதுவதும் இதனோடு பொருந்துகின்றது. நல்ல மரணம் கடைசிக் கணத்தில் வந்து வாய்ப்பதன்று. நாளாந்தச் செயலினால் உருவாவது என்பதே இக்கூற்றின் கருத்து.

இலக்கியச் சான்றுகளும் இம்முடிவுக்கு அரண் செய்கின்றன. 1705இல் இலங்கைக்கு வந்து வாஸ் அடிகளின் பணியைத் தொடர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை இயற்றினார். அவருடைய வியாகுல பிரசங்கம் யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய பிரதேசங்களில் தவக்காலத்தில் ஓதப்பட்டு வந்த நூல். இயேசுவின் பாடுகளைக் கூறும் இந்நூலிற் புலம்பல் தாராளமாக இடம்பெறுகின்றது. இங்கு ஒரு முக்கியமான வேறுபாடு கவனிக்கத்தக்கது. கிரேக்க ஞானி சோக்கிரதீஸ் அமைதியாக நஞ்சருந்தினார். சுவிசேஷங்கள் காட்டும் இயேசுவோ கெத்செமனேத் தோட்டத்தில் சாவை எண்ணிக் கலங்குகின்றார். பாத்திரம் தம்மை விட்டு நீங்குமாறு வேண்டுகின்றார். எனவே கிறிஸ்தவ மரபின் மூலப் படிமத்தில் அச்சமின்மை என்பது அச்சம் இல்லாமையன்று. அச்சத்தை மறைக்காது ஒப்புக்கொண்டு, அதற்கு அப்பாற் செல்வதாகும். தமிழ்ப் பெண்களின் ஒப்பாரி மரபிற் பழகிய செவிகளுக்குப் பாடுகளின் புலம்பல் அந்நியமாய் ஒலிக்காததற்கு இதுவே காரணமெனக் கருதுகிறோம். இதே காலப்பகுதியில் தமிழகத்தில் வீரமாமுனிவர் நன்மரணத்தின் பாதுகாவலராகக் கத்தோலிக்கர் போற்றும் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கித் தேம்பாவணியைப் பாடினார். போரில் மாண்ட மன்னரைப் பாடிய மொழியில், நோயுற்று இறக்கும் ஒரு தச்சுத் தொழிலாளி காப்பியத் தலைவனாவது சாதாரண மாற்றமன்று. எனினும் அத்தொழிலாளியைத் தாவீது அரசனின் வழித்தோன்றலாகவும் காப்பியம் காண்கின்றது என்பதை மறத்தலாகாது.

இவ்வாறு கூறுவதனால் இம்மரபின் எல்லைகளை நாம் காணாது விடுவதாகாது. வாஸ் அடிகளின் பணி கண்டி இராச்சியத்தின் நிலமானிய அமைப்பைத் தொடவில்லை. மன்னனின் நன்றியைப் பெற்று, அவனுடைய பாதுகாப்பின் கீழேயே சபை வளர்ந்தது. பெரியம்மையை வென்றதும் விசுவாசமன்று. 1796இல் ஜென்னர் தொடக்கிவைத்த தடுப்பு முறையும், நாடுகள் பலவற்றின் சுகாதார ஊழியரது கூட்டுழைப்புமே 1980இல் அந்நோய் ஒழிந்துவிட்டதென அறிவிக்கும் நிலையைத் தோற்றுவித்தன. தவிர்க்கக்கூடிய சாவைத் தவிர்க்க முயலாமல் அதற்கு அஞ்சாதிருக்குமாறு போதிப்பது அநீதிக்கு உடன்போவதாகவே முடியும்.

இவ்வபாயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெய்ப்பட்டது. மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர் வாந்திபேதியாலும் பசியாலும் பாதையோரங்களில் மடிந்தனர். 1854இல், கோப்பித் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு, தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. அம்மிஷன் எழுத்தறிவு பரப்பியதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கூலியையும் வைத்திய வசதியையும் தீர்மானித்தவரின் பொருளுதவியில் மறுமை பற்றிய ஆறுதல் வழங்கப்பட்டபோது, அவ்வாறுதலின் வர்க்கப் பண்பு மாறிவிட்டது. 1697இல் விசுவாசி நோயாளியின் அருகிற் சென்று தன் உயிரையே பணயம் வைத்தான். தோட்டத்திலோ சாவின் அபாயம் முழுவதும் தொழிலாளியினுடையதாகவும், ஆறுதல் கூறும் உரிமை பிறருடையதாகவும் அமைந்தன.

கண்டியின் கல்லறைகள் இவ்வேறுபாட்டுக்குச் சான்று பகர்கின்றன. தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள காவற்படைக் கல்லறைத் தோட்டத்தில், இளவயதில் இறந்த ஆங்கிலேயரின் பெயர்களும் அவர்களது உயிர்த்தெழுதல் நம்பிக்கையும் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. வாஸ் அடிகளின் கல்லறை இருந்த இடம் இன்று திட்டமாகத் தெரியவில்லை. தோட்டத் தொழிலாளருக்கோ கல்லும் இல்லை, பெயரும் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டம் பற்றிய கவிதை நூல், தேயிலையின் அடியிற் புதையுண்ட இம்மக்களையே நினைவுகூர்ந்தது. அது மறுமை பற்றிய ஆறுதலைத் தேடவில்லை. இறந்தோர்க்குச் சேரவேண்டிய நியாயத்தைக் கேட்டது.

1972இல் கண்டியில் யேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் நிறுவிய சத்தியோதய நிலையம், இவ்விரு மரபுகளும் சந்தித்த இடமாகும். தோட்ட மக்களின் உரிமைகளையும் இன நீதியையும் கிறிஸ்தவக் கடமையாகக் கொண்டு, மார்க்சியரோடு உரையாடிய பணி அது. மறுமை உண்டா என்பதில் அவருக்கும் நமக்கும் உடன்பாடில்லை. ஆயினும் சாவுக்கு அஞ்சாமை எதற்குப் பயன்படவேண்டும் என்பதில் உடன்பாடு காண இயலும்.

2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் வாஸ் அடிகள் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார். ஐந்தாண்டுகளின் பின், கொள்ளைநோய்க் காலத்தில், அதே நாட்டில் முஸ்லிம் மக்களின் உடல்கள் அவர்தம் நம்பிக்கைக்கு மாறாக எரிக்கப்பட்டன. கைவிடப்பட்டோரைப் புதைத்தவரைப் பீடத்தில் ஏற்றிய நாடு, அவர் செய்ததை மறந்துவிட்டது. விசுவாசம் மனிதனைச் சாவின் முன் அஞ்சாதவனாக்குமா என்ற வினாவுக்கு, ஆக்கக்கூடும் என்றே வரலாறு விடையளிக்கின்றது. அவ்வஞ்சாமை யாருடைய உயிரைக் காக்கப் பயன்பட்டது என்ற அடுத்த வினாவைக் கேட்பதே திறனாய்வின் கடமையாகும்.