ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பவன்

இரவு பத்து மணிக்கு மேல், சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள ஏதாவதொரு ஊரில், திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாரதக் கூத்து தொடங்கும்போது முதலில் வந்து நிற்பவன் துரியோதனன் அல்ல. கூம்புக் குல்லா, தொளதொளச் சட்டை, முகத்தில் பேருக்கு இரண்டு கோடு. வந்ததும் கூட்டத்தைப் பார்த்து ஊர்ப்பெயரைச் சொல்லி நலம் விசாரிப்பான். உபயதாரர் பெயரை வேண்டுமென்றே ஒருமுறை தப்பாகச் சொல்லி, திட்டு வாங்கித் திருத்துவான். அவன்தான் கட்டியங்காரன். விடியும்வரை அவன் கண்ணில் படாமல் எந்த ராஜாவும் இந்தத் திடலுக்குள் வரமுடியாது.

சிதம்பரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே வெள்ளாற்றங்கரையில் இருக்கும் ஊர் சேத்தியாத்தோப்பு. ஒருபக்கம் கரும்பு, ஒருபக்கம் நெல், கொஞ்சம் மேற்கே போனால் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகள். பங்குனி தொடங்கி ஆடி வரை பழைய தென்னார்க்காடு முழுக்கப் பாரதக் கூத்து நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. இதைப்பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் செஞ்சிப் பக்கம் தங்கி பெரிய புத்தகங்களே எழுதியிருக்கிறார். ஆய்வுகளில் சடங்கும் தத்துவமும் நிறைய உண்டு. மூன்று மணிக்குத் தூங்கி விழுகிற கிழவரை எழுப்பி உட்காரவைக்கிற வித்தையைத் திடலில் மண்ணில் உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும்.

ராஜா வருகையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குமேல் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் பெட்ரோமாக்ஸ் காலத்தில் எப்படி மின்னியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். உள்ளேயிருந்து விருத்தம் கிளம்பும், முகவீணை பின்னாலேயே இழுக்கும். இப்போது கட்டியங்காரன் திரையருகே போய், வந்திருப்பது யார், எந்த தேசம், அப்பன் பெயர் என்ன என்று விசாரிப்பான். அவ்வளவு பெரிய கிரீடத்தைச் சுமந்துகொண்டு துரியோதனன் பதில் சொல்லியாகவேண்டும். தாலுகா ஆபீஸில் மனு கொடுக்கப் போனவனை நிற்கவைத்துக் கேட்பதுபோலவே இருக்கும். அந்த விசாரணையில்தான் அவன் ராஜா ஆகிறான். கட்டியங்காரன் கேட்காவிட்டால் திரைக்குப் பின்னால் இருப்பவர் பக்கத்து ஊர் விவசாயி, அவ்வளவே.

கொலுவில் அமர்ந்த ராஜா வழக்கமான கேள்வியைக் கேட்பார்: மாதம் மும்மாரி பொழிகிறதா? இந்தப் பக்கத்தில் நான் கேட்டு ரசித்த பதில் இது: “பொழியுதுங்க மகாராஜா. பொழிஞ்சி ஏரியில நிக்கிது. நின்னு, கொழாயில ஏறி, மெட்ராசுக்குப் போயிடுது.” 2004 முதல் வீராணம் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்துதான் சென்னைக்கு ஏற்றப்படுகிறது என்பது திடலில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். என்னைக் கவர்ந்தது செய்தி அல்ல. ‘நிக்கிது’ என்ற இடத்தில் அவன் உண்மையாகவே நின்றான். மத்தளக்காரர் ஒரே ஒரு தட்டு தட்டினார். அதன்பிறகுதான் குழாய் வந்தது. ராஜா சிரிக்கவில்லை, சிரிக்கவும் கூடாது. “நன்று மந்திரி” என்று அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். அந்த ‘நன்று’க்குத்தான் கூட்டம் இரண்டாவது தடவை சிரித்தது. அதிகாரம் சொன்னதை மறுக்காமல் ஒப்புக்கொண்டு, அது போகிற பாதையிலேயே கடைசி வரைக்கும் கூட நடந்துபோவது இவனுடைய முறை.

இதே முறையை நான் சுவீடன் நாட்டு மேடையிலும் பார்த்திருக்கிறேன், பதிவில்தான். 1979-ல் அமெரிக்காவில் ஹாரிஸ்பர்க் அருகே அணுஉலை விபத்து நடந்தது. அணுமின்சாரம் குறித்து 1980-ல் சுவீடனில் மக்கள் வாக்கெடுப்பு. அந்தச் சமயத்தில் டாகே டேனியல்சன் என்ற நகைச்சுவைக் கலைஞர் நிகழ்தகவைப் பற்றி மேடையில் ஒரு பேச்சு பேசினார். நடக்க வாய்ப்பே இல்லை என்று நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் நடந்துவிட்டது. நடந்தபிறகு வாய்ப்பு நூறு சதவீதம் ஆகிவிடுகிறது, ஆகவே நடந்தது என்பது ஏறக்குறைய உண்மை என்று முகத்தில் சுருக்கம் விழாமல் விளக்கிக்கொண்டே போகிறார். குல்லா இல்லை, முகத்தில் கோடு இல்லை, இருந்தாலும் நமக்குத் தெரிந்த ஆள்தான்.

சுவீடனில் இன்னொருவர் நில்ஸ் பொப்பே. இங்மார் பெர்க்மனின் ‘ஏழாவது முத்திரை’ (1957) படத்தில் கொள்ளைநோய் பரவிய நாட்டில் வண்டியில் ஊர்ஊராகப் போகும் கூத்தாடி யோஃபாக நடித்தவர். சாவோடு சதுரங்கம் ஆடுகிற வீரன் தோற்கிறான். கோமாளியும் மனைவியும் குழந்தையும் தப்பித்துப் போய்விடுகிறார்கள். பிற்காலத்தில் பொப்பே ஹெல்சிங்போரி நகரில் திறந்தவெளி அரங்கு ஒன்றைப் பல வருஷம் நடத்தினார், கோடைதோறும் கூட்டம். வானத்தின் கீழே சிரிக்க வைப்பது தனி வேலை. சுவர் இல்லாததால் சிரிப்பு திரும்பி வராது. அடுத்த வசனத்தை எப்போது எடுப்பது என்று காதால் கணக்குப் போடமுடியாது. கூட்டத்தின் தோள்கள் குலுங்குவதைக் கண்ணால் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். நம் ஆட்களும் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

நம்மூரிலேயே இவனுக்கு உறவுக்காரர்கள் உண்டு. மெலட்டூர் பாகவத மேளாவில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் கோணங்கி, கேரளத்துக் கூடியாட்டத்தில் சமஸ்கிருத சுலோகத்துக்கு மலையாளத்தில் விளக்கம் சொல்லும் விதூஷகன், மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் பபூன். பபூனுக்குத் தனியாக ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுத்துவிடுவார்கள். தன் காமிக்கை முடித்துவிட்டுப் போய்விடுவார். கட்டியங்காரனுக்கு அந்த வசதி கிடையாது. அர்ச்சுனனுக்கு வேஷம் முடியவில்லையென்றால் அரைமணி நேரம் இழுக்கவேண்டும். மந்திரி, தூதன், காவல்காரன், கிழவன் என்று யார் குறைந்தாலும் அவன்தான். நடுவே ஒருவர் ஐம்பது ரூபாயோடு எழுந்துவந்தால் கதையை நிறுத்தி அவர் பெயரையும் அறிவிக்கவேண்டும். அறிவித்துவிட்டு, நிறுத்திய சொல்லிலேயே மறுபடி எடுப்பவனை நான் கெட்டிக்காரன் என்பேன்.

எல்லாவற்றுக்கும் மேல் எனக்குப் பிடித்தது துகிலுரியும் இரவு. சபைக்குத் திரௌபதியை அழைத்துவரச் சொல்லி ராஜா உத்தரவு போடுகிற வரைக்கும் கட்டியங்காரன் விளையாடலாம். தேர்ந்தவன் அதற்குச் சற்று முன்பிருந்தே வாயைக் குறைக்கத் தொடங்குவான். பத்துச் சொல் சொன்ன இடத்தில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ‘உம்’. துச்சாதனன் முந்தானையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றுவார்கள். வேஷம் கட்டியவரே அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். சிலர் சாமி வந்து விழுவார்கள். அப்போது கட்டியங்காரன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றவன் எப்போது மத்தளக்காரருக்கு அருகே நகர்ந்தான் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இரவு முழுக்க நம்மோடு பேசிக்கொண்டிருந்த ஒருவன் வாயடைத்துப்போனதால்தான் அங்கே நமக்கும் தொண்டை அடைக்கிறது. கற்பூரம் எரியும்போதும் ஒரு சிரிப்பைத் தேடுகிறவன் உண்டு. அவனுக்கு எவ்வளவு கைதட்டல் வந்தாலும் நான் மதிப்பெண் போடமாட்டேன்.

மைக் வந்தபிறகு இந்த நுட்பம் பாதி போச்சு. கழுத்துக்கு மேலே தொங்கும் ஒரு மைக்கைச் சுற்றியே எல்லாரும் நிற்கிறார்கள். நகர்ந்தால் குரல் போய்விடும். கவுண்டமணி, வடிவேலு வசனங்களை அப்படியே கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சினிமாவில் கேமரா கிட்டே போய்ப் பார்த்த முகத்தை இங்கே கடைசி வரிசைக்குக் காட்டமுடியாது. சொல் மட்டும் வருகிறது, ஆள் வருவதில்லை. பெண்டாட்டியைப் பற்றி, மாமியாரைப் பற்றி, சில சமயம் சாதியைச் சுட்டி, அலுத்துப்போன பகடிகளும் ஏராளம். அதைப் பாரம்பரியம் என்று தடவிக்கொடுக்க எனக்கு மனமில்லை.

காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் அடவும் வசனமும் பழகிக் கட்டை கட்டி ஆடினார்கள். துரியோதனனாக ஒரு பெண் வந்து நின்றால் ஊர் சீக்கிரம் பழகிக்கொள்ளும். கிரீடம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். மறைப்பு ஏதுமில்லாத, முகம் முழுக்கத் தெரிகிற கட்டியங்காரியை வெள்ளாற்றங்கரைத் திடல் ஒன்றில் விடியவிடியக் கேட்க எனக்கு ஆசை. பெண்டாட்டிப் பகடிகளில் முக்கால்வாசி அன்று இரவே காலாவதியாகிவிடும். மாமனார் பகடிகளுக்கு மத்தளக்காரர் எங்கே தட்டுவார் என்று அவரும் புதிதாகக் கற்கவேண்டியிருக்கும்.