திருத்தப்படாத தெரேசா

பாடுபட்ட சுரூபத்தையும் ரோசா மலர்களையும் மார்போடு அணைத்து நிற்கும் சிறுமலரை அறியாத கத்தோலிக்கர் நம்மிடையே இலர். அவர் எழுதிய நூலைப் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் விடை தயங்கியே வரும். படித்தவர்களும் பெரும்பாலும் குழந்தைப் பருவ நிகழ்ச்சிகளையும் 'சிறுவழி' பற்றிய இனிய பகுதிகளையுமே நினைவில் வைத்திருக்கின்றனர். 'ஓர் ஆன்மாவின் வரலாறு' இனிமைக்காக எழுதப்பட்டதன்று. தாம் உண்மையைத் தவிர வேறெதையும் நாடியதில்லை என்று, இறந்த நாளாகிய 1897 செப்டம்பர் 30இல் தெரேசா கூறியதாக உடனிருந்தோர் குறித்துள்ளனர். அந்தக் கூற்றை அளவுகோலாகக் கொண்டே இந்நூலை அணுக விரும்புகிறேன்.

நூல் உருவான விதத்தை முதலில் சொல்லியாக வேண்டும். 1888இல் பதினைந்து வயதில் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்த தெரேசா எழுதியவை மூன்று தனித்தனிக் கையெழுத்துப் படிகள். முதலாவது, அப்போது மடத்தின் தலைவியாயிருந்த உடன்பிறந்த அக்காள் அன்னை ஆக்னசின் கட்டளைப்படி 1895இல் தொடங்கியது. அடுத்தது, 1896 செப்டம்பரில் மூத்த அக்காளுக்கு எழுதியது. இறுதியானது, 1897 சூனில் தொடங்கி அன்றைய தலைவி அன்னை மரி தெ கொன்சாக்குக்கு எழுதியது. தெரேசா இறந்த முதலாண்டு நினைவு நாளில் இவை ஒரே நூலாக 2000 படிகள் அச்சாயின. ஆனால் அச்சேறிய நடை முழுவதும் தெரேசாவினுடையதன்று. அன்னை ஆக்னஸ் இலக்கணம் திருத்தினார், குடும்பச் செய்திகளைக் குறைத்தார், வாக்கியங்களுக்கு மெருகேற்றினார். மூன்று படிகளும் தமக்கே எழுதப்பட்டவையாகத் தோன்ற வேண்டும் என அன்னை மரி தெ கொன்சாக் விரும்பியதால், மூல ஏட்டிலேயே சொற்கள் சுரண்டி மாற்றப்பட்டன. மொத்த மாற்றங்கள் 7000க்கும் மேல் என்பர். மூல ஏடுகளை உள்ளவாறே நகலெடுத்துக் கார்மேல் துறவி பிரான்சுவா தெ சேந்த் மரி வெளியிட்டது 1956இல்தான்.

அன்னை ஆக்னசைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டியதைக் கூட்டவும் குறைக்கவும் தெரேசாவே அவருக்கு இசைவு தந்திருந்தார். முதற்பதிப்பைக் கூர்ந்து படித்தால் வேறோர் உண்மையும் புலப்படும். தெரேசாவின் விசுவாச இருளைப் பற்றிய பகுதியை அவர் அகற்றிவிடவில்லை. 1898இலிருந்தே அது நூலில் இருந்துவந்துள்ளது. சிறுமலரின் இருள் நம் நினைவில் இல்லையெனில் அக்காளின் பேனாவை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனவர்கள் நாம்.

அந்தப் பகுதிதான் நூலின் உச்சம். 1896 பெரிய வெள்ளியை ஒட்டிய இரவில் தெரேசா முதன்முறையாக இரத்தம் கக்கினார். காசநோயின் அடையாளம் அது. விண்ணகத்திற்கு விரைவில் செல்வோம் என்று மகிழ்ந்தார். ஆனால் அதே உயிர்ப்புக் காலத்தில் விண்ணகத்தைப் பற்றிய உறுதியே மூடுபனியில் மறைந்தது. இறப்புக்குப் பின் எதுவுமில்லை என்று இருளே தம்மை ஏளனம் செய்வதாக எழுதுகிறார். இதற்கு மேல் எழுதினால் இறைநிந்தனையாகிவிடுமோ என அஞ்சி நிறுத்திக்கொள்கிறார். விண்ணகப் பேரின்பத்தைக் கவிதையில் பாடும்போது அம்மகிழ்ச்சியைத் தாம் உணரவில்லை, விசுவசிக்க விரும்புவதையே பாடுவதாகவும் ஒப்புக்கொள்கிறார். பக்தி நூல் எழுதும் எவருக்கும் இவ்வரி எளிதில் வராது. உணர்ச்சி வறண்டபோது உணர்ச்சி இருப்பதாக எழுதுவது வழக்கமாகிவிட்ட துறை இது. தெரேசா அவ்வாறு எழுதவுமில்லை, விசுவாசத்தைக் கைவிடவுமில்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சருகே வைத்திருந்தார்.

இப்பகுதிக்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. நம் பக்தி நூல்களில் அதை நான் கண்டதில்லை. லெயோ தக்சீல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர், சாத்தான் வழிபாட்டிலிருந்து மனந்திரும்பியதாக டயானா வாகன் என்ற பெண்ணைக் கற்பனையாகப் படைத்து, கத்தோலிக்க உலகை ஆண்டுக்கணக்கில் நம்பவைத்தார். குருக்களும் ஆயர்களும் ஏமாந்தனர். லிசியே மடமும் நம்பியது. 1896 சூனில் தெரேசா அப்பெண்ணைக் கருத்தில் கொண்டு ஒரு சிறு நாடகம் எழுதினார். ஜான் தார்க் வேடத்தில் தாம் நின்ற புகைப்படமும் மடத்திலிருந்து அவளுக்கு அனுப்பப்பட்டது. 1897 ஏப்ரல் 19இல் பாரிசில் மக்கள் முன் தோன்றிய தக்சீல், எல்லாம் தம் கட்டுக்கதையே என்று சிரித்துக்கொண்டே அறிவித்தார். அரங்கின் திரையில் காட்டப்பட்டது தெரேசாவின் படம். டயானாவின் பெயரில் வந்த கடிதத்தைத் தெரேசா கிழித்துத் தோட்டத்துக் குப்பைமேட்டில் எறிந்தார்.

மூன்றாம் ஏட்டை அவர் தொடங்கியது ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின். அதில் தக்சீலின் பெயரே இல்லை. விசுவாசமற்றோரைத் தம் சகோதரர் என்றழைத்து, அவர்களது கசந்த பந்தியில் தாமும் அமர்ந்து, இறைவன் விரும்பும்வரை அந்தத் துயர உணவை உண்ண முன்வருகிறார். ஏமாற்றப்பட்டவர் ஏமாற்றியவனின் பந்தியில் அமர்வதாக இப்பகுதியைப் படிக்கலாமா? ஆய்வாளர் சிலர் அவ்வாறே படிக்கின்றனர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

சிறு செய்திகளிலும் இந்த நேர்மை தொடர்கிறது. தியான வேளையில் தூங்கிவிடுவதை மறைக்காமல் எழுதுகிறார். தனியாகச் செபமாலை சொல்வது ஒறுத்தல் கருவி அணிவதைவிடக் கடினமாயிருக்கிறது என்கிறார். இறுதி மாதங்களில் மரியன்னையைப் பற்றிய மறையுரைகள் குறித்தும் பேசினார்: அன்னையின் உண்மையான வாழ்வைச் சொல்ல வேண்டும், கற்பனையான வாழ்வையன்று, நாம் பின்பற்றக் கூடியவராக அவரைக் காட்ட வேண்டும். நம் திருவிழா மறையுரைகளைக் கேட்கையில் இக்கருத்து என் நினைவுக்கு வராமல் போவதில்லை.

தெரேசாவுக்கு 1925இல் புனிதர் பட்டமும், 1997 அக்டோபர் 19இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரால் மறைவல்லுநர் சிறப்பும் வழங்கப்பட்டன. ஆயினும் நம் பங்குகளில் விசுவாச இருளைப் பற்றி வாய்திறக்கும் ஒருவருக்கு நவநாள் புத்தகமொன்று கொடுத்தனுப்புகிறோம். இந்த நூலைக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும், மூல ஏடுகளை ஒட்டிய பதிப்பாக அது இருத்தல் நலம். மூன்றாம் ஏட்டிலிருந்து தொடங்கச் சொல்வதும் நலம். அதன் கடைசிப் பக்கங்கள் பென்சிலால் எழுதப்பட்டவை. மை தொட்டு எழுதத் தெரேசாவின் கையில் வலுவில்லை. 1897 சூலைத் தொடக்கத்தில் அவ்வெழுத்து முடிவுபெறாமலே நின்றுவிடுகிறது.