முத்தையாவின் நகராத புள்ளி

குற்றாலச் சாரல் தென்காசி வரைக்கும் தூறிய ஒரு ஆடி மாசம் தமிழ் டைப்ரைட்டிங் கத்துக்கச் சேர்ந்தேன். முதல் வாரம் பூரா புள்ளி இடம் மாறியே விழுந்தது. கையால் எழுதும்போது ‘க’ போட்டுவிட்டுப் புள்ளி வைக்கிறோம். மெஷினில் புள்ளியை முதலில் அடிக்கணும், அப்புறம்தான் ‘க’.

யாழ்ப்பாணத்துக்காரர் ஆர். முத்தையாவை ‘தமிழ்த் தட்டச்சின் தந்தை’ என்று புகழும் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. சாதனையே இதில்தான் இருக்கு.

247 எழுத்துக்கும் தனித்தனி விசை வைக்க முடியாது. துண்டுகளைச் சேர்த்துத்தான் அடிக்கணும். ஆனால் ஒரு எழுத்து விழுந்ததும் தாள் ஒரு இடம் நகர்ந்துவிடும், பிறகு வைக்கிற புள்ளி பக்கத்தில் போய் விழும். அதனால் புள்ளிக்கு நகரா விசை: தாள் அசையாது, அடுத்து அடிக்கிற ‘க’ அதன் கீழே உட்காரும். இந்த உத்தி பிரெஞ்சு மெஷின்களில் ஏற்கெனவே உண்டு. தமிழுக்குப் பொருத்தியதுதான் முத்தையாவின் பங்கு.

விலையும் இருந்தது: கையின் வரிசை தலைகீழானது. 1999இல் வந்த ‘தமிழ்99’ புள்ளியை மறுபடி மெய்க்குப் பின்னால் வைத்தது. கணினியில் நகர்வதற்குத் தாள் இல்லையே! தந்தை என்று கும்பிடுவதைவிட, எந்தச் சிக்கலை அவிழ்த்தார் என்று சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.