கோப்பில் ஏறாத கைத்திறன்

எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிந்தது. கட்டியது யார் என்று அந்தப் பக்கத்து மக்களைக் கேட்டால் அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரரின் பெயரைச் சொல்வார்கள். ஏடுகளில் தேடினால் வேறு பெயர்கள் வரும்: ரயில்வே கட்டுமானப் பகுதியைச் சேர்ந்த ஹரல்ட் கத்பர்ட் மார்வூட், டி. ஜே. விமலசுரேந்திர. பாலத்தின் வரைபடங்களும் விவரங்களும் அடங்கிய அறிக்கையை 1923இல் இலங்கைப் பொறியியல் சங்கம் வெளியிட்டது. அந்த அறிக்கை இருப்பதால்தான் பாலத்தின் அமைப்பைப் பற்றி இன்று ஆதாரத்தோடு பேச முடிகிறது. அப்புஹாமிக்கு ஊர்ப்பேச்சு ஒன்றே சாட்சி. கல்லும் சீமெந்தும் சுமந்தவர்களின் பெயர்கள் அந்தப் பேச்சிலும் இல்லை.

1906இல் தொடங்கிய அதே சங்கம்தான் பின்னர் 1968ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் ஆனது. பட்டயப் பொறியியலாளராக விரும்புகிறவர் அங்கே பட்டத்தைக் காட்டினால் மட்டும் போதாது. வேலைத்தளத்தில் பெற்ற பயிற்சியையும் அனுபவத்தையும் அறிக்கைகளாக எழுதி ஒப்படைத்து, மூத்த பொறியியலாளர்கள் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பிரித்தானியப் பொறியியல் பேரவை ஐந்து தகுதிப் பிரிவுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்கிறது. குடிபெயர விரும்பும் பொறியியலாளர்களிடம் ஆஸ்திரேலியப் பொறியியலாளர் அமைப்பு மூன்று பணி அனுபவக் கட்டுரைகளைக் கேட்கிறது. ஏணியின் கீழ்ப்படியில், பள்ளிப் படிப்பை இடையில் விட்ட ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இலங்கையில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே கற்றவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் சான்றுகளைக் காட்டி அதைப் பெறலாம். படிகள் வேறானாலும் கொள்கை ஒன்றுதான்: என்ன படித்தாய் என்பதை விட என்ன செய்தாய், அதை எப்படி நிரூபிப்பாய் என்பதே கேள்வி.

இந்தக் கொள்கையை நான் மனதார ஆதரிக்கிறேன். அதற்கான காரணம், அந்தப் பாலம் நிற்கும் ஊவா மாகாணத்தின் தேயிலைத் தொழிற்சாலைகளிலேயே இருக்கிறது. ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று மலையைக் காய வைக்கும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அந்தச் சில வாரங்களின் தேயிலைக்குத்தான் ஏலத்தில் ஊவாவின் பெயர் நிற்கிறது. அந்த நாட்களில் நள்ளிரவில் ரோலர் ஒன்று நின்றுபோனால், வாடல் மாடியில் பதத்துக்கு வந்துவிட்ட கொழுந்து காத்திருக்காது. பெயரிங் போகப் போகிறது என்பதைச் சத்தத்தைக் கேட்டே அறிந்து, ஓட்டத்தை நிறுத்தலாமா அல்லது இந்தத் தொகுதி முடியும்வரை தாங்குமா என்று முடிவெடுக்கிறவர் தொழிற்சாலை மெக்கானிக். டிரையரின் உள்வெப்பம் ஏன் ஏறி இறங்குகிறது, விசிறியிலா அடுப்பிலா கோளாறு என்று தேடிப் பிடிப்பவரும் அவர்தான். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வர நாளாகும் என்றால், பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒரு லேத் பட்டறையில் நின்று பழைய பாகத்தைப் பார்த்துப் புதிதாகக் கடையச் சொல்வார். எந்த உலோகம், எவ்வளவு இடைவெளி என்பதை அங்கேயே முடிவு செய்வார். இவை யாவும் பொறியியல் தீர்மானங்கள்.

மூன்று மணி நேரப் பரீட்சை அவரிடமிருந்து இதில் எதையும் வாங்காது. மேலே சொன்ன அமைப்புகள் கேட்பது போன்ற வேலைச் சான்றுக் கோப்பு வாங்கும், வாங்க முடியும். பழுதான பாகத்தின் படம், திருத்தியதன் படம், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரின் கடிதம், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இயந்திரம் நின்ற மணிக்கணக்கு ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரு மனிதரின் திறன் கண்ணுக்குத் தெரிகிறது. இதை விடப் பெரிய இன்னொரு பயனும் உண்டு. கோப்பு எழுத உட்காரும் மெக்கானிக், ஒரே பெயரிங் ஏன் மறுபடி மறுபடி போகிறது என்று தன்னையே கேட்க வேண்டியிருக்கும். மாற்றிப் போட்டேன் என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஏன் போனது என்று எழுதப் போனால் ஷாஃப்டின் நேர்க்கோட்டையும் கிரீஸின் தரத்தையும் அத்திவாரத்தின் அதிர்வையும் பார்க்க வேண்டிவரும். பழுது பார்ப்பவர் காரணம் தேடுபவராக மாறுவது இந்த எழுத்து வேலையில்தான்.

ஆனால் அந்தக் காகிதங்கள் யார் கையில் இருக்கின்றன? இயந்திரப் பதிவேடு தொழிற்சாலை அலுவலகத்து அலமாரியில் இருக்கிறது. அதில் கையெழுத்து தொழிற்சாலை அதிகாரியுடையது. தினமும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர் செக்ரோல் எனப்படும் சம்பளப் பதிவேட்டில் வெறும் தொழிலாளி என்று பதியப்பட்டிருக்கலாம். ஊழியர் சேமலாப நிதியின் கணக்கு, அவர் எத்தனை வருடம் வேலை செய்தார் என்பதைச் சொல்லும். என்ன வேலை செய்தார் என்பதைச் சொல்லாது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. அதன் பிறகும் துரைமார் எனப்படும் தோட்ட நிர்வாகிகள் வருவார்கள், மாறிப் போவார்கள். திறனைக் கண்ணால் கண்ட துரை வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டால் சாட்சியும் அவரோடு போய்விடுகிறது. கடிதம் தரும்படி புதியவரைக் கேட்டால், சான்றிதழ் கையில் வந்ததும் வெளியே போய்விடுவாரோ என்ற தயக்கம் நிர்வாகத்துக்கு எழுவது இயல்பு. யாருடைய திறனை நிரூபிக்க வேண்டுமோ அவரிடம் ஆதாரம் இல்லை, ஆதாரத்தை வைத்திருப்பவருக்கு அதைத் தருவதில் ஆதாயம் இல்லை. இந்த முறையின் ஆகப் பெரிய குறை இதுதான் என்று கருதுகிறேன். மற்றக் குறைகளைப் படிவத்தைத் திருத்தியே சரிசெய்யலாம். இது அதிகாரம் சார்ந்தது.

இன்னொரு சிக்கல், கோப்பு எதிர்பார்க்கும் ‘நான்’. குழுவின் சாதனைக்குள் ஒருவர் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக, நீங்கள் தனிப்பட்ட முறையில் என்ன செய்தீர்கள் என்று மதிப்பீட்டாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தோட்டத்து மனிதர் ‘நாங்க பார்த்துச் சரிபண்ணினோம்’ என்றுதான் சொல்வார். அது பணிவினால் மட்டும் வந்த பேச்சல்ல, வேலை நடந்த விதமே அப்படி. மறுபுறம், அந்த வேலையை மேற்பார்வை செய்த அதிகாரி தன் சொந்தக் கோப்பில் ‘நான் திட்டமிட்டேன், நான் செயற்படுத்தினேன்’ என்று எழுதிவிட முடியும். ஒரே பழுதுபார்ப்பு ஒருவருடைய கோப்பில் சாதனையாக ஏறி, மற்றவருடைய வாழ்க்கையில் சுவடில்லாமல் போகிறது.

தோல்விக்கு இந்தக் கோப்பில் இடமில்லாததும் என்னை உறுத்துகிறது. உமா ஓயாத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். புகுல்பொல, டயரபா அணைகளிலிருந்து நீண்ட சுரங்கங்கள் வழியாக நீரைக் கொண்டுபோய், நிலத்தடி மின்நிலையத்தில் 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் அது. 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருமளவில் புகுந்தது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது, மக்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். 2024 ஏப்ரலில்தான் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. இத்தகைய திட்டத்தில் வேலை செய்த பொறியியலாளர் தன் கோப்பில் எதை எழுதுவார்? தோண்டிய நீளத்தையும் கையாண்ட இயந்திரத்தையும் எழுதுவது எளிது. நீர் புகுந்த இரவில் என்ன தெரியும், என்ன தெரியாது, முன்கூட்டிய நிலவியல் ஆய்வு எங்கே போதாமல் போனது, வற்றிய கிணற்றின் சொந்தக்காரருக்கு என்ன பதில் சொன்னோம் என்று எழுதுகிறவரிடம்தான் என் வீட்டுக்குக் கீழே சுரங்கம் வெட்டும் பொறுப்பை ஒப்படைப்பேன். ஆனால் சித்தியடைய வேண்டும் என்ற அச்சத்தோடு எழுதப்படும் கோப்பு அந்தப் பக்கங்களைத் தானாகவே விலக்கிவிடும். தோல்வி ஒன்றையாவது ஆராய்ந்து எழுதுவதைக் கட்டாயமாக்கி, அதற்கென்று புள்ளி வழங்கினாலே இந்த நிலை மாறும்.

தொடர்பாடல், பொறியியலாளருக்கான தகுதிப் பட்டியல்களில் இருக்கிற தகுதி. அதை அளக்கும் விதம் ஆங்கில அறிக்கையும் ஆங்கில நேர்முகமுமாக இருக்கிறது. அது போதாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, லயங்கள் எனப்படும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, குடியிருப்பை மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அறிவியல் தன் வேலையைச் செய்திருந்தது. நிலமோ வீடோ சொந்தமில்லாத, போக வேறு இடமில்லாத குடும்பங்களை அந்த எச்சரிக்கை காப்பாற்றவில்லை. இதற்கான பொறுப்பைப் பொறியியலாளர் தலையில் மட்டும் போட முடியாது. காணியும் வீடும் கொடுக்க வேண்டியவர்கள் வேறு. ஆனாலும் ஊவாவில் வேலை செய்யும் பொறியியலாளரின் தொடர்பாடல் திறனுக்கு உண்மையான சோதனைக்களம் லயத்து வாசல். அங்கே தமிழில் ஆபத்தை விளக்கி, மக்களின் கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னதற்கான சான்று, நல்ல ஆங்கில அறிக்கை ஒன்றுக்கு நிகராகக் கோப்பில் ஏற வேண்டும்.

காசு கொடுத்து எழுதி வாங்கும் கோப்புகளைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. திருடிய கட்டுரைகளை ஆஸ்திரேலிய அமைப்பு நிராகரிக்கிறது, ஆனாலும் எழுதிக்கொடுப்பவர்களின் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எழுத்தை மட்டும் நம்பும் எந்த முறைக்கும் இந்த நோய் வரும்.

மருந்து மதிப்பீட்டாளரின் கால்களில் இருக்கிறது. அவர் தொழிற்சாலைக்கு வர வேண்டும். ரோலரின் அருகில் நின்று, இது நின்றுபோனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று தமிழில் கேட்டு, சொல்கிற பதிலை ஒலிப்பதிவாகவே சான்றில் சேர்க்க வேண்டும். எழுதத் தெரியாதவரின் திறனும், எழுதி வாங்கியவரின் போலித்தனமும் பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். அப்புத்தளைக்கு அப்பாலுள்ள மேட்டுத் தோட்டங்களுக்கு ஏறி இறங்கப் பணமும் நேரமும் செலவாகும் என்பது உண்மை. ஆனால் இப்போது அந்தச் செலவைச் சுமப்பது யார்? ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, கையில் அரைகுறைக் காகிதங்களோடு பதுளைக்கு இறங்கும் தொழிலாளிதான்.

அதோடு, தொழிலாளியிடமே இருக்கும் வேலைக் குறிப்பேடு ஒன்று வேண்டும். செய்த வேலையை அவரோ, படித்த மகளோ மகனோ தமிழில் எழுத, தொழிற்சாலை அதிகாரி மாதம் ஒருமுறை கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்பது விதியாக வேண்டும். நாட்சம்பளத்துக்காக வாதாடும் தொழிற்சங்கங்கள் இதையும் ஒரு கோரிக்கையாக மேசையில் வைக்கலாம். கம்பனிக்கு இதனால் ஆகும் செலவு ஒரு கொப்பியும் மாதத்தில் சில நிமிடங்களும்தான்.