பேக்கப் எடுத்தாச்சா சார்?

"பேக்கப் எடுத்தாச்சு சார்" என்று யாராவது சொன்னால் நிம்மதியாகத் தூங்கப் போகிறவரா நீங்கள்? கொஞ்சம் உட்காருங்கள். கடலூர் முதுநகரில் பார்த்த ஒரு கூத்தைச் சொல்கிறேன்.

2013-ல் நடந்தது. துறைமுகம் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. ஸ்டோர்கீப்பர் ஒருவர் ரிட்டயர் ஆகிறார். 1991-ல் வேலைக்குச் சேர்ந்தேன் என்கிறார் அவர். 1996 என்கிறது ஆபீஸ் கம்ப்யூட்டர். கிராஜுவிட்டி கணக்கு, பி.காம். படித்த எனக்குத் தெரியும்: ஒரு வருட சர்வீஸுக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஐந்து வருடம் காணாமல் போனால் எழுபத்தைந்து நாள் சம்பளம் போச்சு. அவருக்கு அது பெண் கல்யாணத்தின் மண்டப வாடகை.

"கவலைப்படாதீங்க, பழசெல்லாம் டேப்ல பத்திரமா இருக்கு" என்றார் மேனேஜர். பீரோவிலிருந்து, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கேஸட் வந்தது. மேலே பேனாவில் 'ஃபுல் பேக்கப்'. சரி, அதைப் படிக்கிற டிரைவ் எங்கே? அது எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது!

சிதம்பரத்திலிருந்து ஒரு இளைஞர், செகண்ட்ஹேண்ட் டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். பழைய யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷனைத் தூசி தட்டி மாட்டினால், மெஷின் கிளம்பவே இல்லை. ஸ்கஸி என்கிற அந்த இணைப்பில் ஒரே கேபிளில் பல சாதனங்கள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் கதவு இலக்கம் மாதிரி தனி நம்பர் வேண்டும். இங்கே டிரைவுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒரே நம்பர். தபால்காரர் குழம்ப மாட்டாரா? மாற்றினார். கேபிளின் கடைசியில் டெர்மினேட்டர் செருக வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல், சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்து ரகளை பண்ணும். செருகினார். கிளீனிங் கேஸட் ஓட்டி ஹெட்டைத் துடைத்தார். மூன்று நாள் மல்லாடல். நாலாம் நாள் டேப் சுற்றியது. ஆபீஸே கைதட்டியது.

திரையில் பட்டியல் ஓடியது. புரோகிராம்கள் இருந்தன. சம்பள டேட்டா இல்லை! யாரோ, என்றோ டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டார்கள். பேக்கப் கட்டளையில் பழைய இடமே நின்றுவிட்டது. வாராவாரம் வெறும் கூட்டை பக்தியோடு காப்பி எடுத்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட யாரும் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை.

பெரியவரைக் காப்பாற்றியது, பரண்மேல் கிடந்த சம்பளப் பதிவேடு. கரையான் தின்றது போக 1991-ம் வருடப் பக்கங்கள் சில மிச்சம். அதில் அவர் கையெழுத்து.

கரையான் என்றதும் சிதம்பரம்தான் ஞாபகம் வருகிறது. தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையில் பூட்டிக் கிடந்த கதையைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. ஏடுகளை எழுதி வைத்த மூவரே வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்களாம். மூவர் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து திறக்க வைத்தான் மன்னன். உள்ளே புற்று. எண்ணெய் ஊற்றி மண்ணை நீக்கி எடுத்தது போகப் பெரும்பகுதி அழிந்துவிட்டது. இன்று நம் கையில் இருப்பவை சுமார் 800 பதிகங்கள்.

இதை அற்புதமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். என் கண்ணில் படுவது வேறு. முத்திரை வைத்தவர்கள் பத்திரம் என்று நம்பினார்கள். நடுவில் யாரும் திறந்து பார்க்கவில்லை. கதையின் அடுத்த பகுதி இன்னும் முக்கியம். ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. பாடுவது எப்படி? எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண் அமைக்கத் துணை நின்றாள் என்கிறது புராணம். அந்த ஊரும் இன்றைய கடலூர் மாவட்டத்தில்தான். டேட்டா ஏட்டில் இருந்தது; அதைப் படிக்கிற டிரைவ் ஒரு மனுஷியிடம் இருந்தது!

நாசாவுக்கும் இதே கதை. 1966-67-ல் லூனார் ஆர்பிட்டர் கலங்கள் எடுத்த நிலாப் படங்களின் டேப்கள் இருந்தன. படிக்கிற மெஷின்கள் ஓய்வு பெற்ற ஓர் அம்மாவின் வீட்டு கராஜில் தூங்கின. 2008-ல் அவற்றைத் தட்டி எழுப்பித்தான் படங்களை மீட்டார்கள்.

டேப்பைக் குறை சொல்லவில்லை. 2011-ல் ஜிமெயிலில் சிலருடைய கடிதங்கள் மாயமானபோது கூகிளுக்குக் கைகொடுத்தது டேப்தான். ஆனால், டேப் முப்பது வருஷம் தாங்கினாலும் டிரைவ் தாங்காது. 2000-ல் வந்த எல்.டி.ஓ. வகையில், புது டிரைவ்கள் இரண்டு தலைமுறை பழைய டேப் வரைதான் படித்தன. எட்டாம் தலைமுறையில் அது ஒன்றாகச் சுருங்கியது.

அதனால் உங்கள் ஆபீஸில் "பேக்கப் எடுத்தாச்சா?" என்று இனிமேல் கேட்காதீர்கள். "போன மாச பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை இப்போ, என் கண் முன்னால எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தால் காபி வாங்கிக் கொடுங்கள்.

தலையைச் சொறிந்தால், பரணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.