யாழ்நூலும் வலியறிதலும்

ஊக்கமுடைமைக்கு ஓரதிகாரமும் வலியறிதலுக்கு வேறோரதிகாரமும் வகுத்தார் வள்ளுவர். முயலுதற்கு வேண்டும் எழுச்சி வேறு. வினையின் அளவையும் தன் அளவையும் அறிந்து ஆற்றலைச் செலவிடும் அறிவு வேறு. அரசரை நோக்கிய இப்பாகுபாடு நூல்செய்வார்க்கும் பொருந்தும். எழுதத் தொடங்குவார் பலர், முடிப்பார் சிலர். முடியாதொழிந்தமைக்கு ஊக்கக் குறைவே காரணமென்று கூறுதல் வழக்கம். மிக்க ஊக்கத்தை முதற் படியிலேயே செலவிட்டொழித்தலே பெரும்பாலும் காரணம் என்பது எமது கருத்து. சுவாமி விபுலாநந்தரின் யாழ்நூலைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானம் பயின்று, 1924ஆம் ஆண்டிலே துறவுபூண்ட அடிகள், இந்நூலாராய்ச்சியிற் பதினான்கு ஆண்டுகள் ஈடுபட்டனர் என்பர். அவ்வாண்டுகள் ஓய்வுடைய ஆண்டுகளல்ல. இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைப் பணி இருந்தது. இமயமலைச் சாரலில் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியப் பணி இருந்தது. 1943 முதல், அந்நாளிற் கொழும்பில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியப் பணியும் இருந்தது. இத்துணைக் கடமைகளுக்கிடையே ஒரு பெருநூல் எவ்வாறு முற்றுப்பெற்றது?

நூற்பணி ஒரே தன்மையான உழைப்பன்று. தேடுதல், துணிதல், எழுதுதல், அச்சிடுதல் என அது நால்வகைப்படும். தேடுதற்கு வேண்டுவது பரந்த ஆர்வம். அது பிற கடமைகளுக்கிடையிலும் நடைபெறும். அலைவுறும் வாழ்க்கையே சிலபோது அதற்குத் துணையாகும். துணிதற்கு வேண்டுவது இடையறாத கூர்மை. நரம்புகளின் அளவையும் சுருதிகளின் இயைபையும் கணக்கிட்டு முடிவுகாண்பவன், இடையிற் கலைந்தானாயின் மீண்டும் முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். எழுதுதற்கு வேண்டுவது விலக்கும் துணிவு. தேடியன யாவற்றையும் நூலிற் புகுத்த விழைவான் எழுதி முடியான். அச்சுப்பிழை நோக்குதற்கு வேண்டுவது, வியப்பு நீங்கிய பின்னரும் எஞ்சிநிற்கும் பொறுமை. ஒரு படிக்குரிய ஆற்றலை மற்றொரு படியிற் செலவிடுதலாலேயே களைப்பும் வெறுப்பும் தோன்றுகின்றன.

யாழ்நூலின் அமைப்பு இவ்வகையிற் கருதத்தக்கது. பண்டைத் தமிழிசை முழுவதையும் எழுதப் புகாமல், சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் 25 அடிகளுக்கு விரிவுரையாக அடிகள் நூலை அமைத்தனர். பொருள் கடல்போற் பரந்ததாயினும் கரை முன்னரே வகுக்கப்பட்டது. அடுத்து, பாயிரவியல் முதலாக ஒழிபியல் ஈறாக ஏழு இயல்கள் அமைந்தன. யாழுறுப்பு, இசை நரம்பு, பாலைத்திரிபு, பண், தேவாரம் எனத் தனித்தனி எல்லையுடைய பகுதிகளைக் கொண்ட நூல், நெடுங்காலம் இடையிட்டு எழுதுவானுக்கு ஏற்றது. ஓரியலை முடித்துவைத்து மற்றொன்றிற்குச் செல்லலாம். ஒழிபியல் என்பது பழைய நூன்மரபே. அம்மரபில் உழைப்பின் நுட்பமும் ஒன்று உண்டு. எஞ்சியவற்றுக்கு இறுதியில் ஓரிடம் உளதென்று அறிந்தவன், ஒவ்வோர் ஐயத்திற்கும் நின்று நடை தளரான்.

குறையும் கூறல் வேண்டும். இசைக்கணிதப் பயிற்சி இல்லாதார் யாழ்நூலினுள் எளிதிற் புகல் இயலாது. காண்டற்குச் செலவிட்ட ஆற்றலளவு, கண்டதைப் பிறர்க்கு எளிதாக்குதற்குச் செலவிடப்படவில்லை. எளிமை செய்தலும் நூற்பணியின் ஒரு படியே. அதற்கும் ஆற்றல் ஒதுக்கப்படல் வேண்டும்.

இதற்கு மறுதலையான முறையொன்றை டாக்டர் உ. வே. சாமிநாதையரிடம் காண்கின்றோம். எண்பத்தைந்தாம் வயதை அடுத்து, 1940 சனவரி முதல் 'ஆனந்த விகட'னில் வாரந்தோறும் 'என் சரித்திர'த்தை அவர் வெளியிட்டு வந்தார். வாரத்திற்கு ஓரத்தியாயம் என்னும் சிறு கடமை, முதுமையின் அளவான ஆற்றலுக்கு இசைந்தது. 1942 ஏப்பிரலில் அவர் மறைந்தபோது, சரித்திரம் வாழ்க்கையின் பிற்பகுதியை எட்டாது 122 அத்தியாயங்களுடன் நின்றது. எனினும் எழுதியவை பெரும்பாலும் ஏலவே வாசகர் கையில் இருந்தன. முடியாத நூலும் பயன்பட்டது. முடித்தபின் வெளியிடுதல் ஒரு நெறி. வெளியிட்டுக்கொண்டே செல்லுதல் மற்றொரு நெறி. தன் வலியறிந்து இவற்றுள் ஒன்றைத் தெரிதல் ஆசிரியன் கடன்.

யாழ்நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. உடல் தளர்ந்திருந்த அடிகள் அதன்பின் ஏறத்தாழ ஆறு வாரமே வாழ்ந்தனர். சூலை 19இற் கொழும்பில் மறைந்தனர். இதனை நோக்குவார், ஆற்றலைக் காத்தாரா, முற்றச் செலவிட்டாரா என வினவலாம். இரண்டும் உண்மை. இறுதிப் படிக்கு வேண்டியதைக் காத்தமையால் நூல் கிடைத்தது. உடலுக்கென ஒதுக்கியது சிறிதாதலின் ஆசிரியரை இழந்தோம். அவ்விழப்பைப் புகழுரையால் மறைத்தல் தகாது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பகலெல்லாம் கற்பித்து இரவில் எழுத முற்படும் ஆசிரியர்க்கும், பரீட்சைகளுக்கிடையே கட்டுரை தொடங்கும் மாணவர்க்கும் இதிற் பாடம் உண்டு. கரையை முதலில் வகுக்க. கூர்மைக்குரிய வேலையைக் களைத்த வேளைக்கு விடற்க. இறுதிப் படிக்கும் எளிமைக்கும் ஆற்றல் எஞ்சவைக்க. உடலையும் கணக்கிற் சேர்க்க. தொடங்கிய கட்டுரைகளால் எம் மேசைகள் நிறைந்துள்ளன. முடித்தவற்றாலன்றோ நூலகங்கள் நிறைதல் வேண்டும்!